எந்தக் கை தூக்கியது?

"கையைத் தூக்குங்கம்மா," என்றேன்.

அஞ்சலை இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்த கைகளை நெற்றிக்கு உயர்த்தி, அங்கிருந்து தலைக்கு மேல் கொண்டுபோய், கண்களை மூடிக்கொண்டார். தேர் வரும்போது கும்பிடுவார்களே, அந்தக் கும்பிடு.

அவருக்கு எதிரில் சாமி இல்லை. ஓர் இரும்புக் கட்டிலும், சுவரில் எலும்புக்கூட்டுப் படமும், வெள்ளைச் சட்டை போட்ட நானும் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அறையில் தைல வாசனையும், நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடையும் கலந்து கிடந்தன. வாசல் பெஞ்சில் பத்துப் பேராவது காத்திருந்தார்கள்.

நான் கோணமானியை எடுத்து அவருடைய வலது தோளில் வைத்தேன். கை முழுசாக மேலே போயிருந்தது. தாளில் "முழு அசைவு" என்று எழுதினேன். கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன: வேலைக்குத் தகுதி, தகுதியில்லை. முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.

"நல்லா இருக்குங்களா சார்?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. வேலைக்குப் போகலாம்."

அவர் சந்தோஷப்படவில்லை. வருத்தப்படவும் இல்லை. தாளை வாங்கி நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். என் முப்பது வருட உத்தியோகத்தில் இந்த மூன்று நிமிடத்துக்காக வெட்கப்பட்ட அளவு வேறு எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

கதவும் கீலும்

ஆஸ்பத்திரி வேலையில் சேர, அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறிய பஸ்ஸில் வாந்தி எடுத்ததைப் போன வாரம் எழுதினேன். அதைப் படித்த நண்பர் ஒருவர், "நீ அங்கே என்ன வேலைதான் பார்த்தாய்? கை கால் பிடித்துவிடுவதா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் மலையில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். எழுபதுகளின் பின்பாதி அது. 'பிசியோ' என்ற சொல்லே அங்கே புதிது. சிலர் என்னை 'உருவிவிடுற டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். டாக்டர் என்று வந்துவிட்டதால் நானும் திருத்தவில்லை.

கோலாலம்பூரில் படித்தபோது எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது உடம்பை வெட்டத்தான். கத்தியால் அல்ல, கற்பனையால்.

நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆளின் மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை நேராக ஒரு கண்ணாடித் தகட்டை இறக்கினால் உடம்பு வலம் இடமாகப் பிரியும். அது நெடுக்குத் தளம். காதிலிருந்து காதுக்கு இறக்கினால் முன் பின்னாகப் பிரியும். அது முகத் தளம். இடுப்பில் மேசைப் பலகை மாதிரி படுக்கையாகச் செருகினால் மேல் கீழாகப் பிரியும். அது கிடைத் தளம். இந்தத் தமிழ்ப் பெயர்களெல்லாம் பிற்பாடு நான் தேடிப் பிடித்தவை. படித்தபோது வாய்க்குள் நுழையாத வேறு பெயர்கள்.

நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுவது முதல் தளத்தில். பள்ளிக்கூட டிரில்லில் கைகளைப் பக்கவாட்டில் விரிப்பது இரண்டாவதில். "இல்லை" என்று தலையை ஆட்டுவது மூன்றாவதில். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அச்சு உண்டு. கதவுக்குக் கீல் ஆணி மாதிரி. கதவு படுக்கைவாட்டில் திறக்கும், ஆணி செங்குத்தாக நிற்கும். இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று குறுக்கேதான் இருக்கும்.

விடுதியில் என் அறைக்காரன் இதைப் புரிந்துகொள்ள முழு ரொட்டி ஒன்று வாங்கி வந்து மூன்று விதமாகவும் வெட்டிப் பார்த்தான். கடைசியில் தளமும் புரியவில்லை, ரொட்டியும் மிஞ்சவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்ற கொழுப்பும் கூடவே வந்துவிட்டது.

தோள் மூட்டு மற்ற மூட்டுகளைப் போல அல்ல. முழங்கை சாதுவான கதவு, மடங்கும், நீளும். தோளோ மூன்று தளத்திலும் ஓடும். ஒரு தளத்தில் நன்றாக ஓடி இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இது முதல் வருடப் பாடம். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பாடமும்கூட.

ரப்பர் தோட்டத்துக் கண்

நான் தோட்டத்துப் பிள்ளைதான். ஆனால் ரப்பர் தோட்டம், கீழே சமவெளியில். அம்மா மரம் வெட்டினார். வெட்டுவது என்றால் சாய்ப்பதில்லை, பால் இறங்கப் பட்டையைச் சீவுவது. கத்தியைப் பட்டையில் வைத்துவிட்டால் கை அசையாது. உடம்புதான் மரத்தைச் சுற்றி நகரும். கால் பக்கவாட்டில் எட்டுப் போடும், இடுப்பு திரும்பும். அம்மாவுக்கு வலியெல்லாம் இடுப்பிலும் முழங்காலிலும். தோள் வலி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, தோட்ட வேலை எனக்குத் தெரியும் என்ற நினைப்போடுதான் மலைக்குப் போனேன். தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. அவர்கள் கை எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கவனித்ததில்லை. யாரிடமும் கேட்டதும் இல்லை.

அஞ்சலைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் லோரியில் போனபோது இறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் செல்வி, டவுன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு. வருடக் கடைசியில் பெரிய பரீட்சை. மழை நாளில் அஞ்சலை சரிவில் வழுக்கி வலது தோளில் விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை என்று படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் வலி போகாததால்தான், தோட்டத்து நிர்வாகம் ஆஸ்பத்திரித் தாள் கேட்டு என்னிடம் அனுப்பியது.

அந்தத் தாளை நம்பி என்னவெல்லாம் இருந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. வேலையில் பெயர் இருந்தால்தான் தோட்டம் கொடுக்கும் லைன் வீடு. பெயர் வெட்டுப்பட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அஞ்சலைக்கு அந்த மலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கங்காணியின் முழங்கால்

மூன்று வாரம் கழித்து முனியாண்டிக் கங்காணி வந்தார், தன் முழங்காலைக் காட்ட. அஞ்சலை கொழுந்து எடுக்கும் தேயிலைச் சரிவையும் மலை என்றுதான் சொல்வார்கள், அந்த மலைக்கு அவர்தான் கங்காணி. முழங்காலில் ஒத்தடம் வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"அஞ்சலையம்மா கை எப்படி இருக்கு?"

"அதயேன் கேக்கறீங்க சார். நடிப்புலா, எல்லாம் நடிப்பு."

"நடிப்பா?"

"ஆமாலா. முந்தி வலிக்குதுன்னு சொன்னா பாவம்னு விட்டோம். இப்ப ஒங்க தாளே சொல்லுது, கை நல்லா இருக்குன்னு. அப்புறம் ஏன் பாதிக் கூடைதான் வருது? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்குது அந்தம்மா. தொரை ஒரு தடவ கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. அடுத்த தடவ பேர வெட்டிருவாரு."

ஒத்தடப் பையை எடுக்க மறந்துவிட்டேன். கங்காணி "சூடு சார், சூடு!" என்று கத்திய பிறகுதான் எடுத்தேன்.

நான் எழுதிய தாள் அவருக்கு வேலை கொடுத்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது அவரைப் பொய்க்காரி ஆக்கியிருந்தது. அதுவரை ஊர் அவருடைய வலியை நம்பியது. என் தாளைப் பார்த்த பிறகு நம்பவில்லை.

"நாளைக்கு நான் மலைக்கு வரலாமா?" என்று கேட்டேன்.

"வாங்க சார். பெரட்டு முடிஞ்சதும் வந்தீங்கன்னா ஒங்க கண்ணாலயே பாக்கலாம்."

சரிவில்

காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். நான் போனபோது அது முடிந்து பெண்கள் நிரைக்குள், அதாவது செடி வரிசைகளுக்குள், இறங்கியிருந்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, தலையில் துண்டு, முதுகில் கூடை. இலைகளில் பனித் தண்ணீர் நின்றது. பத்தடி நடப்பதற்குள் என் கால்சட்டை முட்டிவரை நனைந்துவிட்டது.

அங்கே நின்றுதான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு கையும் செடிமேல் ஓடுகின்றன. பிடி நிறைந்ததும் கை மேலே ஏறி, தோளைத் தாண்டி, பின்னால் இருக்கும் கூடைக்குள் கொழுந்தை வீசுகிறது. திரும்பிப் பார்ப்பது கிடையாது. மறுபடி செடி, மறுபடி தோள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று அவர்களுக்கே தெரியாது.

அஞ்சலை கடைசி நிரையில் இருந்தார். இடது கை மற்றவர்களைப் போலத்தான் வேலை செய்தது. வலது கை பிடி நிறைந்ததும் நெஞ்சு வரை வந்து நின்றது. உடனே இடது கை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தது. வலது மணிக்கட்டைப் பிடித்து, தூக்கி, தோளுக்கு மேல் கொண்டுபோய் விட்டது. வலது கை கொழுந்தைப் போட்டது. பாதி கூடைக்குள், பாதி தரையில்.

இரண்டு கையும் சேர்ந்து மேலே போன அந்த நொடியில் எனக்கு ஆஸ்பத்திரி அறை ஞாபகம் வந்தது. எலும்புக்கூட்டுப் படத்துக்கு முன்னால், கண்களை மூடிக்கொண்டு, தலைக்கு மேல் கூப்பிய கைகள். அன்று தூக்கியது இடது கை. வலது கை அதன்மேல் சாய்ந்துகொண்டு சவாரி போயிருக்கிறது. அதை அளந்துதான் "முழு அசைவு" என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு சீனரோ மலாய்க்காரரோ என் இடத்தில் இருந்திருந்தால் "கும்பிட வேண்டாம், ஒரு கையை மட்டும் தூக்குங்கள்" என்று சொல்லியிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. நம் ஆள் கண்ணை மூடிக் கும்பிடும்போது குறுக்கே பேசக் கூடாது என்று என் உடம்புக்குப் பழக்கம். அப்படியே மேலே போன கை பக்கவாட்டில் போகாதா என்று மற்றத் தளங்களையும் விட்டுவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை.

வலது கை மட்டும்

சாப்பாட்டு நேரத்தில் கங்காணியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அஞ்சலையிடம் போனேன். அவர் மேட்டில் உட்கார்ந்து, போத்தலில் கொண்டுவந்த கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அம்மா, இன்னொரு தடவை அளக்கணும். வலது கையை மட்டும் தூக்குங்க."

"மட்டுமா?"

"மட்டும்."

கை எழுந்தது. நெஞ்சுக்கு நேரே வந்து நின்று நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றார். தோள்பட்டை காதை நோக்கி ஏறியதே தவிர கை ஏறவில்லை.

"அன்னிக்கே ஏம்மா சொல்லலை?"

"நீங்க கையத் தூக்கச் சொன்னீங்க, தூக்குனேன். எந்தக் கைன்னு நீங்க கேக்கலையே சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. கோப்பிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"தனியாத் தூக்குனா நின்னுரும்னு தெரியும் சார். ஆனா வேணும்னு செய்யல. பயத்துல கை தானா சேந்துருச்சு. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க, நானும் வாய மூடிக்கிட்டேன். செல்விக்குப் பரீட்ச வருது. வீடு போயிருச்சுன்னா அந்தப் புள்ள எங்க ஒக்காந்து படிக்கும்?"

"சரிம்மா."

"இப்ப மாத்தி எழுதப் போறீங்களா?"

மாற்றி எழுதாவிட்டால் அவர் நடிப்புக்காரி. எழுதினால் தகுதியில்லாதவர். இரண்டு கட்டத்தில் எதில் டிக் போட்டாலும் வீடு போகும். பதில் தெரியாதபோது நான் செய்யும் காரியத்தையே செய்தேன், அதாவது மறுபடி அளந்தேன். இந்தத் தடவை ஒழுங்காக, ஒரு தளம் விடாமல்.

முன்பக்கமாக, நெஞ்சு வரை. பக்கவாட்டில், அதுகூட இல்லை. மூன்றாவதாகக் கையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு, படுக்கைவாட்டில் இடது பக்கம் கொண்டுபோகச் சொன்னேன்.

கை சுலபமாகப் போனது. வயிற்றைக் கடந்து இடது இடுப்பைத் தொட்டு, திரும்பி வந்தது. நடுக்கமே இல்லை.

"வலிக்குதா?"

"இல்லையே," என்றார். ஆச்சரியப்பட்டு மறுபடி செய்து பார்த்தார். மூன்றாம் தடவை செய்தபோது கை இடுப்பிலேயே நின்றுவிட்டது. "இது புள்ளயத் தூக்கி வெச்சுக்கிற எடம்லா," என்றார்.

பிறகு முதுகுக் கூடையைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்.

தாளில் இல்லாத கட்டம்

அன்றைக்கே புதுத் தாள் எழுதினேன். இரண்டு கட்டத்திலும் டிக் போடவில்லை. கீழே கையால் எழுதினேன்: நெஞ்சு உயரம் வரை, உடம்புக்குக் குறுக்காக, வலது கை முழு வேலை செய்யும். தோளுக்கு மேல் செய்யாது. இது நடிப்பு அல்ல. முன்பு எழுதிய அளவு தவறு, தவறு என்னுடையது.

கடைசி வாக்கியத்தை எழுதப் பேனா நகரவில்லை. எழுதி, அடித்து, புதுத் தாளில் மறுபடி எழுதினேன். இருபத்து நான்கு வயதில் அது பெரிய வாக்கியம். எங்கள் டாக்டர் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

தோட்ட நிர்வாகியைத்தான் துரை என்பார்கள், வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் போய்விட்டிருந்தார்கள், பெயர் மட்டும் நாற்காலியோடு தங்கிவிட்டது. இவர் ஈப்போ தமிழர். தாளை இரண்டு தடவை படித்தார்.

"ஒரு கட்டத்துல டிக் போட்டுக் கொடுங்க சார். எனக்கு அதுதான் வேணும்."

"ரெண்டுமே பொய்யாப் போயிரும் சார்."

அஞ்சலையை உள்ளே கூப்பிட்டேன். அவர் இடது தோளில் பட்டி போட்டு, சின்னக் கூடை ஒன்றை இடது இடுப்போடு துணியால் கட்டியிருந்தார். துரையின் மேசையையே தேயிலைச் செடியாக வைத்து எடுத்துக் காட்டினார். வலது கை மேசையிலிருந்து குறுக்கே போய்க் கூடைக்குள் விழுந்தது. இடது கை பக்கத்திலேயே இறங்கியது.

கங்காணிக்குத்தான் பொறுக்கவில்லை. "தொரை, கூடன்னா முதுகுல. எங்க அப்பன் காலத்துலேர்ந்து அதான். இப்படிக் கட்டுனா நெரைக்குள்ள செடி ஒடியும்."

"ஓரத்து நெர குடுங்க கங்காணியாரே," என்றார் அஞ்சலை. "ரோட்டோரம். எடப்பக்கம் காலியா இருக்கும், செடி ஒடியாது. நெறைஞ்சதும் சாக்குல கொட்டிக்கிறேன். ஒரு வாரம் பாருங்க. கூட நெறையலேன்னா நானே வீட்டக் காலி பண்றேன்."

துரை என் தாளை மறுபடி எடுத்தார். கடைசி வாக்கியத்தில் அவர் விரல் நின்றதைப் பார்த்தேன்.

"ஒரு வாரம்," என்றார்.

இடுப்பில் கூடை

அந்த வாரம் மற்றப் பெண்கள் "என்ன அஞ்சல, இடுப்புல ஆம்பளப் புள்ளயா பொம்பளப் புள்ளயா?" என்று கேலி செய்ததாகச் சொன்னார்கள். "கொழுந்துப் புள்ளலா" என்றாராம் அவர். முதல் இரண்டு நாள் கூடை நிறையவில்லை. இடுப்புத் துணி அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்திருக்கிறது. மூன்றாம் நாள் செல்வி தன் பழைய பள்ளிக்கூடப் பெல்ட்டைக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் முனியாண்டிக் கங்காணி முழங்காலோடு வந்து உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவராகவே கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கூட நெறையுது சார். மத்தவங்க அளவுக்கு இல்ல. ஆனா நெறையுது. கொழுந்து ஒண்ணுகூடத் தரையில விழல."

"துரை?"

"பேரு இருக்கட்டும்னுட்டாரு." கூரையிலிருந்து கண்ணை இறக்கி, "நானும் அந்தம்மாள நடிப்புன்னு பேசியிருக்கக் கூடாதுலா," என்றார்.

அன்று அவர் முழங்காலுக்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஒத்தடம் கொடுத்தேன்.

செல்வி அந்த லைன் வீட்டில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தாள். தேறினாள். பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். நானும் மாற்றலாகிக் கீழே இறங்கிவிட்டேன்.

கியா பார்மில்

எண்பதுகளில் ஒருமுறை மனைவியோடு மலைக்குப் போனேன். கியா பார்ம் கடைகளில் கோசும் கேரட்டும் வாங்கிக்கொண்டு நடந்தபோது, ஒரு தட்டிக்குப் பின்னாலிருந்து, "அளக்கிற சாரா?" என்று குரல் வந்தது.

தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே அஞ்சலைதான். வேலையிலிருந்து தானாகவே நின்றாராம். செல்விக்குக் கம்போங் ராஜா பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை, அவளோடு இருக்கிறார். சும்மா இருக்க முடியாமல் இந்தக் கடை.

"கை எப்படிம்மா?"

"அது எங்க சரியாவும்? அப்படியேதான் இருக்கு. அதுக்கு எது முடியும்னு எனக்குத் தெரியும், அது போதும்."

மனைவியிடம் என்னைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னார். நான் செய்த தப்பைச் சொல்லவில்லை. நானே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அதைத்தான் இன்று இங்கே எழுதிவிட்டேன்.

புறப்படும்போது அவர் கும்பிட்டார். தலைக்கு மேல் அல்ல, நெஞ்சுக்கு நேரே. அந்த உயரத்துக்கு வலது கை யார் துணையும் இல்லாமல் தானாகவே வந்தது.

முதல் நாள் அவர் கும்பிட்டபோது என் கையில் கோணமானி இருந்தது, நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. இப்போது இரண்டு கையிலும் காய்கறிப் பை. பைகளைத் தரையில் வைத்தேன். கோசு ஒன்று உருண்டு ரோட்டுக்குப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டேன்.